முடக்குவாதத்தோடு ஒரு நாள்: பாட்டா, மூச்சா, தசைத் தளர்வா, இடைவேளையா?

முடக்குவாதம் வந்தவருக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ஊர்ப்பக்கம் சரவாங்கி என்றும் ஆங்கிலத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றும் சொல்லப்படும் இந்த மூட்டு நோய் வந்துவிட்டது என்று தெரிந்ததும், பாட்டுக் கேளுங்கள் என்பார் ஒருவர், பிராணாயாமம் செய்யுங்கள் என்பார் அடுத்தவர். யோக நித்திரை, தியானம், ஒத்தடம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எதுவுமே கெட்டதில்லை. ஆனால் விரல் மடங்க மறுக்கும் காலையில், அடுப்பும் அலுவலகமும் பிள்ளைகளின் பள்ளியும் காத்திருக்கும்போது, எல்லாவற்றையும் யாராலும் செய்ய முடியாது. தனக்கென்று ஒதுக்க முடிந்தது நாளுக்கு அரை மணி நேரம் என்றால், அதை எதில் போடுவது? இங்கே பேசப்போவது அந்த ஒரு கேள்வியைத்தான்.

முதலில் ஓர் எல்லைக்கோடு போட்டுவிடுவோம். முடக்குவாதம் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய். அந்த அழற்சி அடங்காமல் போனால் குருத்தெலும்பும் எலும்பும் அரிபடும். அரிபட்டது திரும்பி வளராது. அதைத் தடுப்பது மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள்தான். பாட்டோ மூச்சுப் பயிற்சியோ வலியை, களைப்பை, தூக்கமின்மையைக் குறைக்கலாம்; மூட்டு அரிபடுவதை நிறுத்தாது. வலி குறைந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் சில மாதங்களில் கோணிய விரல்களோடு மருத்துவரிடம் திரும்பி வருவது இந்த நோயில் நடக்கிற பெரிய சோகம். இன்னொன்றும் உண்டு: மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை. தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

எது சிறந்தது என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்தத் தொல்லைக்கு, எந்த வேளையில் என்று கேட்டால் கிடைக்கும். காலை விறைப்பு, வலி, அசதி, இரவில் தூக்கம் வராமல் மனம் உழல்வது ஆகிய நான்கும் ஒரே நோயிலிருந்து வந்தாலும் வரும் வழி வேறு. ஒன்றுக்கான கருவி இன்னொன்றுக்கு அவ்வளவாக உதவாது. பலர் எல்லாம் செய்து பார்த்தேன், எதுவும் கேட்கவில்லை என்று கைவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

காலை விறைப்பு: இங்கே தளர்வுப் பயிற்சி வேண்டாம்

விறைப்பு காலையில் வருவதற்குக் காரணம் உண்டு. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 6 என்ற பொருள் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் விடியற்காலையில் உச்சத்துக்குப் போகிறது. இரவு முழுக்க அசையாமல் இருந்த மூட்டைச் சுற்றி நீரும் சேர்ந்திருக்கும். இந்த நேரத்தில் கண்ணை மூடிப் படுத்துச் சவாசனம் செய்தால் விறைப்பு இன்னும் நீளும். வேண்டியது சூடும் அசைவும்.

கை பொறுக்கும் வெந்நீரில் இரண்டு கைகளையும் 5 முதல் 10 நிமிடம் முக்கி, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். முழுப் பிடியாக இறுக்க வேண்டாம். எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு. பிறகு மணிக்கட்டு, முழங்கை, தோள், கணுக்கால் என்று ஒவ்வொன்றையும் 5 தடவை. கழுத்தைச் சுற்றிச் சுழற்றும் பயிற்சியை மட்டும் விட்டுவிடுங்கள். நெடுநாள் முடக்குவாதத்தில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கலாம். அங்கேதான் தண்டுவடம் ஓடுகிறது. சிரசாசனம், சர்வாங்காசனம் இரண்டும் இதே காரணத்துக்காகக் கூடாது. யோகா ஆசிரியரிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில் பாட்டு உதவும், ஆனால் தாலாட்டு அல்ல. தாளம் தெளிவாகக் கேட்கும், கொஞ்சம் வேகமான பாட்டு ஒன்றை வையுங்கள். உடம்பு தாளத்தைப் பிடித்துக்கொண்டால் அசைவு சீராகும், அடுத்து என்ன செய்வது என்று எண்ண வேண்டியதில்லை. சினிமாப் பாட்டு ஒன்று பொதுவாக 4, 5 நிமிடம். இரண்டு பாட்டு முடிந்தால் கைப்பயிற்சி முடிந்தது என்று வைத்துக்கொண்டால் கடிகாரம் பார்க்கும் வேலையும் இல்லை.

சூடு எங்கே ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூட்டு சிவந்து, தொட்டால் கொதிக்கிற மாதிரி வீங்கியிருந்தால் அதற்குக் குளிர்ச்சிதான். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். குளிரில் விரல் வெளுத்து நீலம் பாய்பவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோயும் சேர்ந்து, காலில் உணர்ச்சி மங்கியவர்களுக்குச் சுடுதண்ணீர்ப் பை ஆபத்து: சுட்டது தெரியாமல் கொப்பளித்துவிடும்.

பாட்டு: என்ன செய்யும், என்ன செய்யாது

வலி என்பது மூட்டிலிருந்து மூளைக்கு நேராக ஓடும் தந்தி அல்ல. வழியில் தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது, அதைத் திறப்பதிலும் மூடுவதிலும் மூளைக்கும் பங்கு உண்டு என்பதை வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்தார்கள். கவனம், பயம், மனநிலை எல்லாம் வலியின் அளவை உண்மையாகவே மாற்றுவது இதனால்தான். பாட்டு நுழைவது அந்த வழியாக.

எவ்வளவு உதவும்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று, 51 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2006இல் வந்தது. பத்துப் புள்ளி அளவுகோலில் பாட்டுக் கேட்டவர்களின் வலி சராசரியாக அரைப் புள்ளிதான் குறைந்திருந்தது. அதிலும் பெரும்பகுதி அறுவைச் சிகிச்சை போன்ற குறுகிய கால வலி. நீண்ட கால வலியில், நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் ஏழு நாள் பாட்டுக் கேட்ட 60 பேர் ஆய்வில் வலியும் மனச்சோர்வும் குறைந்தன; தாங்களே தேர்ந்த பாட்டைக் கேட்டவர்களுக்கும் ஆய்வாளர் கொடுத்த பாட்டைக் கேட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் இந்த ராகம் இந்த நோய்க்கு என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதித் தருபவர்களை நம்ப வேண்டியதில்லை என்பதற்கு இது போதும். நீலாம்பரி ராகம் தூக்கம் தரும் என்ற நம்பிக்கை நம் சங்கீதத்தில் நெடுநாளாக இருப்பது உண்மை. கேட்டுப் பழகிய செவிக்கு அது தரவும் தரும். பழகாத செவிக்கு மெதுவான ஒரு சினிமாப் பாட்டோ, தேவாரமோ, புல்லாங்குழலோ அதே வேலையைச் செய்யும்.

பட்டியல் போடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வலியும் எரிச்சலுமாக இருக்கும்போது எடுத்த எடுப்பிலேயே அமைதியான வீணையை வைத்தால் அது ஒட்டாது. இன்னும் எரிச்சல்தான் வரும். இப்போதைய மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கிப் படிப்படியாக வேண்டிய நிலைக்கு இறங்குவது இசைச் சிகிச்சையில் பழைய வழி. 1948இல் ஐரா ஆல்ட்ஷுலர் என்ற மருத்துவர் எழுதியதிலிருந்து அது ஐசோ முறை என்று அழைக்கப்படுகிறது. ஆக 30 நிமிடப் பட்டியலில் முதல் இரண்டு பாட்டு கொஞ்சம் துடிப்பாக, அடுத்த இரண்டு நடுத்தரமாக, கடைசிப் பத்து நிமிடம் சொற்கள் இல்லாத ஆலாபனையோ தம்புரா ஒலியோ இருக்கட்டும். முடிவுப் பகுதியின் தாளம் நிமிடத்துக்கு 60 முதல் 80 அடி வரை இருந்தால் போதும், ஓய்வாக இருக்கும்போது இதயம் துடிக்கிற அளவு அது.

கெட்டுப்போவது எங்கே? பெரும்பாலும் போனில்தான். கண் சொருகும் நேரத்தில் நடுவே விளம்பரம் அலறும். பட்டியல் முடிந்ததும் செயலி தானாகவே ஒரு குத்துப்பாட்டைத் தொடங்கும். பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வைத்து, ஏரோபிளேன் மோடில் போட்டு, 30 நிமிடத்தில் நிற்கும்படி டைமர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இயர்போனோடு தூங்க வேண்டாம், தலையணைக்கு அருகே சின்ன ஸ்பீக்கர் மேல். இயர்போன்தான் வழி என்றால் சத்தம் பாதிக்குச் சற்று மேலே தாண்டாமல் இருக்கட்டும்: 80 டெசிபல் அளவுக்கு வாரத்தில் 40 மணி நேரம் என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. இன்னொரு சிக்கல், நினைவு. இறந்துபோன அம்மாவுக்குப் பிடித்த பாட்டு இரவு 11 மணிக்கு ஆறுதலாகவும் இருக்கலாம், அடியோடு உடைக்கவும் செய்யலாம். வரிகள் நெஞ்சைத் தொடும் பாட்டுகளைப் பகலுக்கு வையுங்கள்.

ஒரே பாட்டையே தினமும் கேட்டால் சலித்துவிடாதா என்று கேட்பார்கள். தூங்கப்போகும் பாட்டு சலிப்பதுதான் நல்லது. அடுத்து என்ன வரும் என்று மூளைக்குத் தெரிந்திருந்தால் அது விழித்துக்கொண்டு கேட்காது. பகல் பாட்டுகளை மட்டும் வாரம் ஒரு முறை மாற்றினால் போதும்.

மூச்சு: ஐந்து நிமிடத்தில் கிடைப்பது

தனியாக நேரம் ஒதுக்கவே முடியாதவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். பேருந்தில் செய்யலாம், மருத்துவமனை வரிசையில் செய்யலாம், ஊசி போடும் முன் செய்யலாம்.

மூக்கு வழியாக மனசுக்குள் நாலு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். ஒரு சுற்று 10 விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடத்துக்கு முப்பது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெதுவாகிறது. நிமிடத்துக்கு ஆறு என்ற இந்த வேகத்தில் மூச்சும் ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் ஒரே அலையில் சேர்ந்துகொள்கின்றன. நாலும் ஆறும் நீளமாகத் தோன்றினால் மூன்றும் நாலும் என்று தொடங்கி, இரண்டு வாரத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

எல்லோரும் செய்கிற பிழை ஒன்று: மெதுவாக என்று சொன்னால் ஆழமாக இழுப்பார்கள். நெஞ்சு நிறைய இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, உதடும் விரல் நுனியும் மதமதவென்று ஆகும், தலை சுற்றும். முடக்குவாதக்காரர் அந்த மதமதப்பைப் புது நோயின் அறிகுறி என்று பயந்துவிடுகிறார். வழக்கமான அளவு காற்றுதான். வேகம் மட்டும் குறைய வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுச் சத்தம் கேட்டால் அதிகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நாடி சுத்தி செய்பவர்கள் மூக்கை மாற்றி மாற்றி விரலால் அடைத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். வீங்கிய விரலோடும் நோகும் தோளோடும் கையை ஐந்து நிமிடம் தூக்கிப் பிடிப்பது வீண் வதை. இரண்டு மூக்காலும் மெதுவாக விட்டு வாங்கினாலே மனம் அடங்குவதற்குப் போதும். ரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர்கள் கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகளைத் தொட வேண்டாம். மூச்சுப் பயிற்சி செய்யும்போது புதிதாக இளைப்போ, நாள் கணக்கில் வறட்டு இருமலோ தெரிந்தால் அதைப் பயிற்சியின் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. இந்த நோயும் சில சமயம் மெத்தோட்ரெக்ஸேட்டும் நுரையீரலைத் தொடக்கூடியவை. மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தசைத் தளர்வு: முடக்குவாதத்துக்கு அளவெடுத்துத் தைக்க வேண்டும்

வலிக்கிற மூட்டைச் சுற்றியுள்ள தசை தன்னையறியாமல் இறுகிக்கொள்ளும், மூட்டைக் காப்பதற்காக. நாள் முழுக்க இறுகியே இருந்தால் அந்தத் தசையே தனி வலியாகிவிடும். கழுத்து, தோள்பட்டை, தாடை எல்லாம் மாலையில் கனப்பது அதனால். இறுக்கி விட்டு, விட்ட நிலையை உணரப் பழகும் முறையை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் வகுத்தார். மாதக் கணக்கில் நீளும் அந்தப் பயிற்சியை 1973இல் உளவியலாளர்கள் பெர்ன்ஸ்டைனும் போர்கோவெக்கும் 16 தசைத் தொகுதிகளாகச் சுருக்கினார்கள். இன்று இணையத்தில் கிடைக்கும் ஒலிப்பதிவுகளில் பல அந்த 16இன் வழி வந்தவை.

அந்தப் பதிவுகளை அப்படியே போட்டுப் பின்பற்றக் கூடாது. பலவற்றின் தொடக்கமே கை முஷ்டியை இறுக மடக்குங்கள் என்பதுதான். வீங்கிய விரல் மூட்டுக்கு அது அடி கொடுப்பது மாதிரி. கால் விரலைச் சுருட்டுங்கள், பல்லைக் கடியுங்கள் என்பவையும் அப்படியே. தாடை மூட்டும் முடக்குவாதத்தில் மாட்டக்கூடியதே.

மாற்று வழி இது. கைப்பிடி உள்ள நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். இரண்டு குதிகாலையும் தரையில் லேசாக அழுத்துங்கள். அடுத்து முழங்காலை அசைக்காமல் தொடைத் தசையை மட்டும். பிறகு பிட்டம், வயிறு. முஷ்டிக்குப் பதிலாக முழங்கையை நாற்காலிப் பிடியில் அழுத்துங்கள். தோள்களைக் காதை நோக்கி ஏற்றுங்கள். கடைசியாக நெற்றியும் கண்ணும். பல்லைக் கடிப்பதற்குப் பதில் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினால் போதும். ஒவ்வொன்றையும் முழுப் பலத்தில் மூன்றில் ஒரு பங்கோடு 5 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 30 விநாடி அந்தத் தளர்ச்சியைக் கவனியுங்கள். இறுக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. எட்டு இடம், இரண்டு சுற்று, ஏறக்குறைய 10 நிமிடம்.

விடும் 30 விநாடிதான் மருந்து. அவசரத்தில் இறுக்குவதை மட்டும் செய்துவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவினால் பயிற்சி முடியும்போது முன்னைவிட இறுக்கமாக இருப்பீர்கள். இரண்டு, மூன்று வாரம் பழகியபின் இறுக்காமலேயே விட முடியும். மூச்சை விடும்போது தளர்வு என்று மனசுக்குள் சொல்லித் தோளைக் கீழே விட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-கோரான் ஓஸ்ட் 1987இல் விவரித்த படிமுறை இப்படித்தான் போகிறது. சில மூட்டுகள் கொதிக்கும் நாளில் நேராக அந்தக் கடைசிப் படிக்கே போய்விடலாம்.

சிலருக்குக் கண்ணை மூடித் தளரும்போதே படபடப்பு ஏறும். இது குறை அல்ல, பலருக்கும் நேர்வது. கண்ணைத் திறந்து வைத்து இரண்டு நிமிடத்தோடு நிறுத்துங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் இந்த வழியை விட்டுவிட்டு மெதுநடையும் பாட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

யோக நித்திரையும் உடலைக் கவனிக்கும் தியானமும்

பிகாரின் முங்கேரில் சுவாமி சத்யானந்த சரஸ்வதி வகுத்துப் பரப்பிய யோக நித்திரையில் படுத்தபடி கவனத்தை உடலின் ஒவ்வொரு பாகமாக வேகமாக நகர்த்துவார்கள். 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஸின் தொடங்கிய, மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் மனநிறைவுப் பயிற்சியில் அதே பயணம் மெதுவாக நடக்கும், வலிக்கும் இடத்தில் நின்று பார்க்கச் சொல்லும். பாட்டோடு ஒப்பிட்டால் இரண்டும் நேரெதிர் வழி: பாட்டு கவனத்தை வலியிலிருந்து அப்பால் அழைத்துப்போகிறது, இவை வலியின் பக்கத்திலேயே உட்காரப் பழக்குகின்றன.

யாருக்கு எது என்பதற்கு ஒரு நல்ல தடயம் உண்டு. அரிசோனாவில் முடக்குவாதம் உள்ள 144 பேரிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. வலியைச் சமாளிப்பதில், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் எண்ண நடத்தைச் சிகிச்சை பெற்றவர்கள்தான் பொதுவாக முன்னே நின்றார்கள். ஆனால் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்த வரலாறு உள்ளவர்களுக்கு மனநிறைவுப் பயிற்சியே அதிகம் கைகொடுத்தது. ஆகவே முன்பும் மனச்சோர்வில் விழுந்து எழுந்தவர் என்றால் பாட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் இதையும் கற்றுக்கொள்வது மதிப்புள்ளது. இதை ஒலிப்பதிவை வைத்து மட்டும் கற்பதைவிட ஒரு பயிற்சியாளரோடு கற்பது நல்லது. வலியைக் கவனிப்பதும் வலியையே நினைத்து உழல்வதும் வெளியே ஒன்றுபோலத் தெரியும். வித்தியாசத்தைச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

படுக்கும் விதத்தில் ஓர் எச்சரிக்கை. மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கும். இருபது நிமிடத்துக்குச் சரி. அந்தச் சுகத்தில் இரவு முழுக்க அப்படியே தூங்கிப் பழகினால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகி, பிறகு நீட்ட முடியாமல் போகும். பயிற்சி முடிந்ததும் தலையணையை எடுத்துவிடுங்கள்.

இடைவேளை: கேட்க அழகில்லாதது, அதிகம் உதவுவது

அசதிக்குப் பாட்டும் மூச்சும் ஓரளவே உதவும். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து நடுவே ஓய்வெடுப்பதுதான் அங்கே பேசும். ஆனால் பலரும் இதைக் கடைசியாகத்தான் முயல்கிறார்கள், அது சுகமான பயிற்சியாகத் தோன்றாததால். நடப்பது என்னவென்றால், உடம்பு நன்றாக இருக்கும் நாளில் தேங்கிய வேலை எல்லாவற்றையும் முடித்துவிடத் துடிக்கிறோம்: மாவாட்டு, ஒட்டடை அடி, போர்வை துவை. அடுத்த இரண்டு நாள் படுக்கை. எழுந்ததும் தேங்கிய வேலை இன்னும் கூடியிருக்கும், மறுபடி அதே ஓட்டம். வீட்டில் இருப்பவர்களுக்கோ நேற்று நன்றாகத்தானே இருந்தாய் என்ற சந்தேகம் வேறு.

அளவு கண்டுபிடிக்க ஒரு கணக்கு. மூன்று வெவ்வேறு நாளில், வலி ஏறத் தொடங்கும் வரை எவ்வளவு நேரம் நின்று சமைக்க முடிகிறது என்று பாருங்கள். 25, 15, 20 நிமிடம் என்று வருகிறது என்றால் சராசரி 20. அதில் ஐந்தில் நாலு பங்கு, அதாவது 16 நிமிடம்தான் உங்கள் அளவு. நல்ல நாளிலும் 16, கெட்ட நாளிலும் முடிந்தவரை 16. பிறகு ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். இரண்டு வாரம் தடையில்லாமல் போனால் பத்தில் ஒரு பங்கு ஏற்றலாம். வலி வந்தபின் உட்காருவது இடைவேளை அல்ல. வருவதற்கு முன் உட்காருவதுதான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது கரண்டியைக் கீழே வைக்க மனம் வராது என்பதால் இங்கேயும் பாட்டு கைகொடுக்கும். நாலு பாட்டுக்குப் பட்டியல் போட்டு வைத்து, பாட்டு நின்றதும் உட்கார்ந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலாரத்தை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறவர்கள்கூடப் பாட்டு நின்ற அமைதிக்குக் கட்டுப்படுகிறார்கள்.

இதோடு மூட்டைக் காக்கும் வழக்கங்களும் சேர வேண்டும். துணியை முறுக்கிப் பிழிவது மணிக்கட்டுக்கும் விரல் கணுக்களுக்கும் பொல்லாதது. பிழியாமல் கொடியில் போட்டு வடியவிடுங்கள். வாணலியை ஒரு கையால் காதைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு பக்கமும் பிடியுங்கள், இல்லையென்றால் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கை மடிப்பில் மாட்டுங்கள். ஜாடி மூடிக்கு ரப்பர் துணி. அரிவாள்மனைக்கு முன் தரையில் உட்கார்ந்து எழுவதற்குப் பதில் மேஜையில் கனமான பிடி உள்ள கத்தி. தேங்காய் துருவுவதை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எதில் தொடங்குவது

அசதிதான் பெரிய தொல்லை என்றால் இடைவேளைக் கணக்கை முதலில் எடுங்கள், அரை மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட அதற்குத் தேவையில்லை. இரவுத் தூக்கம் கெட்டிருந்தால் தூங்கும் முன் ஐந்து நிமிட மூச்சும் தொடர்ந்து 25 நிமிடப் பாட்டும். கழுத்தும் தோளும் மாலையில் கல்லாகிவிடுகிறவர்களுக்கு மாலையில் தசைத் தளர்வு. காலை விறைப்புக்கு வெந்நீரும் வேகப் பாட்டும். ஏதும் புரியாத நிலையில், புதிதாக நோய் தெரிந்தவர் ஒருவர் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் எங்கள் விடை இடைவேளைதான். இரண்டு சொல்லலாம் என்றால் இரவுப் பாட்டு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டு வாரம் கொடுங்கள். பள்ளி நோட்டு ஒன்றில் தினமும் மூன்று எண் எழுதினால் போதும்: காலை விறைப்பு எத்தனை நிமிடம், மாலை வலி பத்துக்கு எத்தனை, இரவு எத்தனை தடவை விழிப்பு. மெத்தோட்ரெக்ஸேட் போட்ட மறுநாள் பலருக்குக் குமட்டலும் சோர்வும் இருக்கும். அந்த நாளைத் தனியாகக் குறித்து, ஒப்பிடும்போது விட்டுவிடுங்கள். வலி பத்துக்கு இரண்டு புள்ளியோ மூன்றில் ஒரு பங்கோ குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம். அரைப் புள்ளி ஏறி இறங்குவது அன்றாட ஆட்டம்தான். வலி அப்படியே இருந்து தூக்கம் மட்டும் சீரானாலும் விட்டுவிட வேண்டாம்: தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும் என்பது நன்றாகத் தெரிந்த ஒன்று, பலன் பின்னால் வரும். காலை விறைப்பு வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போனால் அதைப் பயிற்சியால் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். மருந்தின் அளவு போதவில்லை என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று கொதித்து வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அன்றே மருத்துவமனை. கழுத்து வலியோடு கை மரத்துப்போவது, நடை தள்ளாடுவது இரண்டுக்கும் தாமதம் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

நோய் பொங்கியெழும் நாட்களுக்கு என்று தனியாக ஒரு சின்னத் திட்டத்தை, நன்றாக இருக்கும் நாளிலேயே எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். கொதிக்கும் மூட்டுக்கு ஐஸ் 10 நிமிடம், மற்ற மூட்டுகளுக்கு நாளுக்கு இரண்டு முறை மெதுவான அசைவு, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும் மூச்சு ஐந்து நிமிடம், இரவுக்கு வழக்கமான அதே பாட்டுப் பட்டியல். சமையல் அன்று ரசமும் அப்பளமும், அதுவும் வேறு யாராவது செய்யட்டும். 16 நிமிடம் அன்று எட்டாகட்டும். நோய் பொங்கியது அடங்கிய மறுநாள் எட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும், நேராகப் பதினாறுக்குத் தாவக் கூடாது.